கால்மிதிக்கு முடி வெட்டிய கதை

இந்தத் தெருவில் என்னை எல்லோரும் பார்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது பெரியவர்களுக்கும் நான் அக்காதான். கையில் கத்தரிக்கோல் வைத்திருப்பவளிடம் யாரும் வயசுக் கணக்குப் பார்ப்பதில்லை. வீட்டின் முன்னறைதான் என் கடை. இரண்டு பெரிய கண்ணாடி, இரண்டு சுழல் நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு சோபா. சோபாவின் ஒரு முனையில் ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டது. தெரியாமல் யாராவது உட்கார்ந்து தொலைக்கப் போகிறார்கள் என்று அதன்மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, நாயை அங்கே படுக்கப் பழக்கியிருந்தேன்.

என் வாழ்க்கையைச் சொல் என்றால் முடி வெட்டியதைத்தான் சொல்ல வேண்டும். வேறு சரக்கு என்னிடம் இல்லை. படிப்பு ஏறவில்லை. பாடினால் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். நான் சமைப்பதை என் வீட்டுக்காரர் மரியாதைக்காகச் சாப்பிடுகிறார். ஆனால் ஒரு தலையைக் கொடுத்தால் நேராக வெட்டுவேன். பின்னால் நின்று அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் கோடு போட்ட மாதிரி இருக்கும். சின்ன வயதில் பிடித்த கத்தரிக்கோல், பிள்ளை பெற்ற மாதத்தைத் தவிர அதைக் கீழே வைத்ததில்லை. கொஞ்சம் தலைக்கனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் உதவிக்கு வந்த அத்தனை பெண்களையும் நான் ஒரே விஷயத்துக்காகத்தான் திட்டியிருக்கிறேன். வெட்டின முடியை உடனே கூட்டித் தள்ளு, யாராவது வழுக்கி விழுவார்கள் என்று. அந்தத் திட்டைத் தாங்க முடியாமலேயே இரண்டு பேர் நின்றுபோனார்கள். கடைசியில் வழுக்கி விழுந்தது நான். கூட்டாமல் விட்டதும் நானே. திட்டுவதற்கு ஆள்கூடக் கிடைக்கவில்லை. வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "இதை அமுக்கிக்கிட்டே இருங்க. கை பழையபடி வந்துடும்," என்றார்.

"வரலைன்னா?"

"வந்துடும்னு நம்புவோம்."

நம்புவோம் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். அவருடைய கை நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். கட்டைவிரலும் மோதிரவிரலும்தான் அதை ஆட்டுவிக்கிற விரல்கள். திறக்கத் திறந்தது. மூடும்போது பாதி வழியில் விரல்கள் நடுங்கி நின்றன. மறுபடி மூடினேன், மறுபடி நடுங்கின. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கை திரும்பி வராவிட்டால் நான் இந்த வீட்டில் சுமாராகச் சமைக்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

வேலை பழக வருகிற பெண்களுக்காகக் கடையில் ஒரு பொம்மைத் தலை வைத்திருந்தேன், நீள முடியோடு. அதில் வெட்டிப் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி வந்தது. அந்தப் படிக்கட்டைச் சரிசெய்யப் போய் இன்னொரு படிக்கட்டு வந்தது. பொம்மையை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, வாசல் கதவில் 'தற்காலிக விடுமுறை' என்று எழுதி மாட்டினேன்.

தெருமுனையில் பல் டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார். என் கையைத் தவிர வேறு கையைத் தலையில் பட விடாதவர். அவர் ஒருநாள் வழியில் பிடித்துக்கொண்டு, "கை எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார்.

"கையெல்லாம் நல்லா இருக்கு டாக்டர். மக சினிமா எடுக்கறா. கடையைத்தான் செட்டா போட்டிருக்கா. அதான் மூடி வெச்சிருக்கேன்."

என் வாய் என்னைக் கேட்காமல் உளறிய பொய் அது. அதற்கப்புறம் சில வாரம் கழித்து அவரை மறுபடி பார்த்தேன். தலைமுடி கழுத்தோடு புதிதாக வெட்டியிருந்தது. எவளோ வெட்டியிருக்கிறாள். என்னைக் கண்டதும் அவர் தலையைத் தொட்டுக்கொண்டு அசடு வழிந்தார். நானும் பதிலுக்கு வழிந்தேன். அவர் திரும்பி நடந்தபோது பின்பக்கம் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சொன்ன பொய்யைக் காப்பாற்றவாவது ஒரு சினிமா வேண்டுமே. மகளைப் பிடித்தேன்.

என் மகள் திரைப்படக் கல்லூரியில் கடைசி வருடம். அங்கே சேர்ந்த நாளிலிருந்து கறுப்புச் சட்டை தவிர வேறு போடுவதில்லை, சிரிப்பதும் இல்லை. கேட்டால் நான் யோசிச்சுக்கிட்டிருக்கேன் என்பாள். பத்து நிமிடத்தில் ஒரு திகில் படம் எடுத்துக் கொடுத்தால்தான் பாஸ். அதை ஊருக்கு வெளியே இடிந்த கட்டடத்தில் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாம்பு இருக்கும், பூரான் இருக்கும் என்று பயமுறுத்தி, "நம்ம பார்லர்ல எடேன். கண்ணாடி இருக்கு, கத்தரிக்கோல் இருக்கு. பேய் வந்தா சௌகரியமா உட்கார நாற்காலி இருக்கு," என்றேன்.

அவள் யோசித்தாள். மறுநாள் கதையோடு வந்தாள். மூடிக் கிடக்கிற ஒரு பார்லர். கண்ணாடிக்குள் ஒரு பெண். மனிதர்கள் யார் கண்ணுக்கும் அவள் தெரிய மாட்டாள். ஒரு நாய்க்கு மட்டும் தெரிவாள். படத்துக்குப் பெயர் 'நிழலின் நாக்கு'. எடுக்க இரண்டு நாள் வேண்டும் என்றாள்.

"நாய் அவளைப் பார்த்துட்டு என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"பார்க்கும்."

"அப்புறம்?"

"பார்த்துக்கிட்டே இருக்கும். அதோட படம் முடியுது."

"இதை எடுக்கவா ரெண்டு நாள்?"

"அம்மா, இது உள்ளுக்குள்ள நடக்கற திகில்," என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். இடம் கொடுத்தவளுக்குக் கதை கேட்க உரிமை கிடையாது போலிருக்கிறது.

அந்த நாய் எங்கள் நாய்தான். பெயர் கால்மிதி. குட்டியாக வந்த புதிதில் வேறு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தோம். ஒருநாள் மழையில் பார்சல் கொண்டு வந்தவர், வாசலில் படுத்திருந்த இதன்மேல் இரண்டு காலையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அது நகரவுமில்லை, குரைக்கவுமில்லை, வாலை மட்டும் ஆட்டியது. அன்றிலிருந்து கால்மிதி என்றே நிலைத்துவிட்டது. உடம்பு முழுக்கத் தரையைத் தொடுகிற முடி. தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று தெரியாது. பிஸ்கட்டை நீட்டினால் எந்தப் பக்கம் காணாமல் போகிறதோ அது தலை. கடைசி ஷாட்டில் அந்த முகத்து முடியை மெல்ல விலக்கினால் முதல்முறையாகக் கண் தெரியும், படமே அந்தக் கண்ணில்தான் இருக்கிறது என்றாள் மகள்.

பேயாக நடிக்க ஒப்புக்கொண்ட தோழிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பேய் முதுகை மட்டும் காட்டினால் போதும் என்பதால் என் வீட்டுக்காரரைப் பிடித்தார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று வேலை பார்க்கிறவர், பேய்க்குப் பொருத்தம்தான். ஆனால் மனிதர் அதை இவ்வளவு மனசில் வாங்கிக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

"பாப்பா, இந்தப் பேய்க்கு என்ன வயசு?"

"முதுகுதானேப்பா தெரியப் போகுது."

"முதுகுக்கும் வயசு உண்டுல்ல?"

அவருக்குத் தலைமுடி வேண்டுமென்று மகள் அலமாரியைக் குடைந்து அந்தப் பொம்மைத் தலையை வெளியே எடுத்துவிட்டாள். நான் அதைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவளோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பேய் முடின்னா இப்படித்தான் இருக்கணும். யாரும்மா இதை வெட்டினது?" என்று கேட்டாள்.

"எலி," என்றேன்.

பொம்மையின் முடியைக் கழற்றி அவர் தலையில் மாட்டினார்கள். நான் ரகசியமாகப் பழகிக்கொண்டிருந்த ஒரே தலையும் இப்படிப் பறிபோனது.

சனிக்கிழமை காலையில் படப்பிடிப்பு. கேமரா பிடிக்க மகளோடு படிக்கிற ஒரு பையன் வந்தான். நெஞ்சு வரைக்கும் தாடி, அதனால் தாடி என்றே கூப்பிட்டார்கள். வாயைத் திறந்து பேசி நான் பார்த்ததில்லை. தாடிக்குள் வாய் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். கடையின் கறுப்புத் துண்டுகளை எல்லாம் ஜன்னலில் ஒட்டி இருட்டாக்கினோம். ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் கலந்து கண்ணாடியில் வழிய விட்டார்கள்.

பேய் திரும்பி நின்றது. நாய் உள்ளே வந்தது. பேயைப் பார்த்தது. வாலை ஆட்டிக்கொண்டே போய்ப் பேயின் காலடியில் மல்லாக்கப் படுத்தது. அதற்கு என்ன, தினமும் சோறு வைக்கிற ஆள் தலையில் எதையோ மாட்டிக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான்.

"கால்மிதி, ஃபீல் பண்ணு," என்றாள் என் மகள். அது கண்ணாடியில் வழிந்த ரத்தத்தை நக்கிச் சுத்தம் செய்தது. மறுபடி ரத்தம் ஊற்றினார்கள், மறுபடி நக்கியது. மதியத்துக்குள் நாய் முழுக்கப் பாகு ஒட்டிச் சிவப்பாகிவிட்டது. கடைசியில் தாடி கண்ணாடிக்கு மேலே ஒரு பிஸ்கட்டை ஒட்டி வைத்தான். நாய் அசையாமல் பார்த்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வருவது, நடப்பது, பின்னாலிருந்து பார்ப்பது எல்லாம் கிடைத்துவிட்டது. முகமும் கண்ணும் மட்டும் மறுநாளைக்கு.

அதற்குள் வீட்டுக்காரருக்கு ஃபோன் வந்தது. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். முடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். முகத்தில் பூசிய வெள்ளையையும் வாயோரத்து ரத்தத்தையும் துடைக்க மறந்துவிட்டார். அங்கே போய்க் கதவைக் கம்பியால் நெம்பித் திறந்து, முகத்தை உள்ளே நீட்டி, "பயப்படாதீங்க," என்றிருக்கிறார். அன்றைக்கு எங்கள் பேயைப் பார்த்து உண்மையாகப் பயந்தவர்கள் அந்த லிஃப்டுக்குள் மாட்டியிருந்தவர்கள்தான்.

மகளும் தாடியும் எடுத்ததைப் போட்டுப் பார்க்கக் கல்லூரிக்குப் போனார்கள். நானும் நாயும் மட்டும் கடையில். அதன் காதோரம் பாகு காய்ந்து முடி பெரிய சிக்காக இறுகியிருந்தது. காதை ஆட்டினால் வலித்ததோ என்னவோ, முனகியது. அந்த ஒரு சிக்கை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு சிக்கு. நாயைத் தூக்கிச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

விரல்கள் நடுங்கின. ஆனால் நாய் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்க்கவில்லை, எவ்வளவு எடுப்பீங்க என்று கேட்கவில்லை. மூச்சை இழுத்து ஒரு அழுத்து அழுத்தினேன். கத்தரிக்கோல் முழுசாக மூடியது. சிக்கு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதம். சந்தோஷத்தில் நாயின் தலையைத் தட்டிக் கொடுத்தேன்.

ஒரு காதோரம் குறைந்தால் மறு காதோரத்தைச் சமமாக்க வேண்டாமா? தொழில் புத்தி விடுமா? சமமாக்கினேன். கை நடுங்கியதில் இந்தப் பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்தை இதற்குச் சரியாக ஏற்றினேன். அது கூடுதலாக ஏறியது. காது முடிந்து கழுத்து, கழுத்து முடிந்து முதுகு. மூடும்போதெல்லாம் கத்தரிக்கோல் மூடியது. சில நேரம் நடுங்கி மூடியது, ஆனாலும் மூடியது. நான் ஏதோ பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன், பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது தரையில் ஒரு நாயளவு முடி கிடந்தது. நாற்காலியில் பூனையளவு நாய் இருந்தது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பெருக்கிக்கூட வைத்தேன். வீட்டுக்காரர் வந்து, "யார் வீட்டு நாய் இது? நம்ம கால்மிதி எங்க?" என்று கேட்டார். பின்னாலேயே மகளும் தாடியும் பன் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்கள்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சோபாவில், சரியாக அந்த ஸ்பிரிங் மேலேயே உட்கார்ந்தாள். அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அழகாத்தானே இருக்கு?" என்றேன்.

"அம்மா, இன்னிக்கு எடுத்த ஷாட்ல இது கதவைத் தள்ளிட்டு உள்ள வருது. நாளைக்கு எடுக்கற ஷாட்ல கண்ணாடியைப் பார்க்குது. படத்துல ரெண்டுக்கும் நடுவுல ஒரு நொடிகூடக் கிடையாது. ஒரு நொடிக்குள்ள எந்த நாய்க்கும்மா முடி வெட்டுவாங்க?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. சினிமாவில் முன்னும் பின்னுமாக எடுத்து ஒட்டுவார்கள் என்று அவள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுக்கொண்டு. நாளை மாலையோடு கேமராவைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

குப்பைத் தொட்டியிலிருந்து முடியை அள்ளி ஜெல் தடவித் திரும்ப ஒட்டப் பார்த்தேன். சாக்கடையில் அடைப்பெடுத்தபோது வந்தது போலிருந்தது. பேய் முடியை நாய்க்கு மாட்டிப் பார்த்தார் வீட்டுக்காரர். அதைப் பார்த்துவிட்டு மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பின்னால் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் தாடி வந்தான். கேமராவை வைத்துக்கொண்டு, எடுக்க ஒன்றும் இல்லாததால் முந்தின நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னத் திரையில் முடி புரளப் புரளக் கால்மிதி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவன் தலையைத் தூக்கினான். எதிரே உரித்த கோழியாக அதே நாய் நின்றது. தாடிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பேயைப் பார்த்த அதிர்ச்சியில முடி கொட்டிருச்சுன்னு வெச்சுக்கலாமே," என்றான். அவன் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மகள் அவனை முறைத்தாள். நாயைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை அவளால், வெடித்துச் சிரித்துவிட்டாள். கறுப்புச் சட்டைக்குள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வந்தது. நிழலின் நாக்கு அங்கேயே செத்துப்போனது. பேய், உயிரோடு இருந்தபோது முடி வெட்டுகிறவள். செத்த பிறகும் கை சும்மா இருப்பதில்லை. யார் கடைக்குள் வந்தாலும் வெட்டாமல் விட மாட்டாள். அரை மணி நேரத்தில் கதை மாறிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், மகள் என் பக்கம் திரும்பும் வரை.

"அம்மா, உன் கை வேணும்."

"எதுக்கு?"

"பேய் ஒரு பொண்ணுக்கு முடி வெட்டணும். கிட்டக்க, கையும் கத்தரிக்கோலும் மட்டும். எங்க யாருக்கும் ஒழுங்காப் பிடிக்கவே தெரியாது."

"யார் முடியை?"

"என் முடியை."

அவள் முடி இடுப்புக்குக் கீழே வரும். பிறந்ததிலிருந்து என் கை தவிர வேறு கை அதைத் தொட்டதில்லை. நுனியில் ஒரு விரல் அளவு வெட்டுவதற்கே நான் முதல்நாளே மனசைத் தயார் செய்துகொள்வேன்.

"ஒரே டேக்தான்மா. வெட்டினது வெட்டினதுதான்."

"வேற யாரையாவது கூப்பிட்டுக்கோ. பல் டாக்டரம்மாவுக்கு வெட்டினாளே, அவளைக் கூப்பிடு."

"அவ கை எனக்கு வேணாம்."

"என் கை சரியில்லடி," என்றேன். வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர் பக்கம் நான் திரும்பவே இல்லை. "கத்தரிக்கோல் பிடிச்சா நடுங்குது. நேரா வராது. நாயையும் நான் அழகுக்கா வெட்டினேன்? சமமாக்கத் தெரியாமத்தான் அவ்வளவு தூரம் போச்சு."

"தெரியும்மா," என்றாள். "எந்த எலி பொம்மைக்குப் பின்பக்கம் மட்டும் லேயர் கட் பண்ணும்?"

வீட்டுக்காரரும் தலையை ஆட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை மாதம் நான் பொத்திப் பொத்தி வைத்தது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அவள் பின்னலை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தாடி கேமராவை என் கைக்கு வெகு அருகில் கொண்டுவந்தான். பேயின் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கால்மிதி என் காலடியில் உட்கார்ந்தது. "ம்," என்றான் தாடி.

கத்தரிக்கோலைத் திறந்தேன். முடிக்கு அடியில் கொண்டுபோனேன். பாதி வழியில் விரல்கள் நின்றன, அலகுகள் ஒன்றோடு ஒன்று டிக் டிக்கென்று அடித்துக்கொண்டன. நிறுத்து என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. கண்ணாடியில் அவள் கண்ணை மூடியிருந்தாள், பயந்து மூடிய மாதிரி இல்லை, தலை வாரிவிடும்போது தூங்கிப்போவாளே அப்படி. அழுத்தினேன். ஒரு கொத்து விழுந்தது. அடுத்தது. நடுங்கிக்கொண்டே ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்கு வந்து சேர்ந்தேன். விழுந்த முடி மூக்கில் பட்டு நாய் தும்மியது. எனக்கு அழுகை முட்டியது, பேய் அழக் கூடாதே என்று விழுங்கிக்கொண்டேன்.

ஒரு பக்கம் தோள் வரை. மறுபக்கம் காதுக்குக் கீழே. நடுவில் மலைப்பாதை.

"இரு, ரெண்டே நிமிஷம், சமமாக்கிடறேன்," என்று கையை நீட்டினேன். அவள் பாய்ந்து எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

"சமமாக்கினா நான் கால்மிதி ஆயிடுவேன். படம் போட்டுக் காட்டற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. மறுபடி ஏதாவது எடுக்கச் சொன்னா மாட்டிப்போம்."

அந்தக் கோணலோடு அவள் தெருவில் நடந்தாள். கடைக்குப் போனாள், பஸ் ஏறினாள். பல் டாக்டரம்மா அவளை நிறுத்தி, "என்ன கண்ணு, முடி இப்படி?" என்று கேட்டிருக்கிறார். "அம்மா வெட்டினது," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் புண்ணியவதி. நான் ஒளித்து வைத்ததை அவள் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறாள். ஒரு வாரம் நான் வாசல் பக்கமே போகவில்லை.

படத்தைக் கல்லூரி அரங்கில் போட்டார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள், நாயைத் தவிர. முதலில் ஓடிய படங்களில் எல்லாம் பேய்கள் கத்தின. எங்கள் படத்தில் கால்மிதி முடி புரள உள்ளே வந்து, பேயின் காலடியில் மல்லாக்கப் படுத்து, அடுத்த நொடி மொட்டையாக எழுந்தபோது அரங்கம் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் திரையில் தெரிந்த தன் முதுகைக் காட்டிக் காட்டிப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் என் கை வந்தது. சுவர் உயரத்துக்கு வந்தது. ஒவ்வொரு விரலும் ஒரு ஆள் பெரிசு. அது நடுங்கியது. டிக் டிக்கென்று அலகுகள் அடித்துக்கொண்டன. எல்லோரும் சிரித்தார்கள். முடி வெட்டப் பயப்படுகிற பேய். அந்தப் படத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். என் உயிரை எடுத்துக்கொண்டிருந்த நடுக்கத்தைப் பார்த்து நூறு பேர் கைதட்டிச் சிரிக்கிறார்கள். வீட்டுக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இருட்டில் என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதுவும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. திரையில் ஒன்று, மடியில் ஒன்று. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வலித்துக்கொண்டே வந்த சிரிப்பு, ஆனால் சிரிப்புதான்.

விளக்குப் போட்டதும் மகளுடைய ஆசிரியர் வந்தார். பாஸ் என்பதை அவர் முகமே சொல்லியது. "அந்தக் கை நீங்களாம்மா? அந்த நடுக்கத்தை எப்படிப் பிடிச்சீங்க? பிரமாதமான நடிப்பு."

ஆமாம் சார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நடிப்பில்ல சார். கை ஒடிஞ்சுது. இப்ப அப்படித்தான் நடுங்குது."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. ஓ, என்றார். சுற்றி நின்றவர்கள் என் கையையே பார்த்தார்கள். சரி, முடிந்தது, இனி ஊருக்கே தெரியும் என்று நினைத்தேன். நினைத்த அளவுக்கு அது கனமாக இல்லை.

அப்போது யாரென்றே தெரியாத ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வேறு வகுப்புப் பிள்ளையாக இருக்கும். முதுகு நிறைய முடி. என் மகளின் தலையைக் காட்டி, "அக்கா, எனக்கும் இதே மாதிரி வெட்டி விடுவீங்களா? இந்தக் கோணல்தான் வேணும்," என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். ஒரு ஆயுள் முழுக்க நேராக வெட்டியிருக்கிறேன், ஒரு பிள்ளையும் இப்படித் தேடி வந்து கேட்டதில்லை. கை கெட்ட பிறகு, கோணல் வேண்டுமாம்.

"பாரும்மா, கோணலா வெட்ட எனக்குத் தெரியாது," என்றேன். "நான் நேராத்தான் வெட்டுவேன். கோணல் அதுவா வந்துடும். சரின்னா வா."

அவள் ஒரு தடவை என் கையைப் பார்த்தாள், ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள்.

"சரிக்கா. நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"எப்பவும் போல, பத்து மணிக்கு," என்றேன்.